நடுச் சங்கிலி

மந்தியோடையின் நடுவே, அடி இல்லாத பழைய டிரம் ஒன்றை மணலுக்குள் இறக்கி, அதற்குள் தலை மறையக் குனிந்து எலினா கையால் துழாவிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த மணல் தட்டுப்பட்டது, கூழாங்கல் தட்டுப்பட்டது, யாரோ விட்டுப்போன செருப்பின் வார் ஒன்று தட்டுப்பட்டது. சங்கிலி மட்டும் தட்டுப்படவில்லை.

"சிக்குச்சா?" என்று வெளியே இருந்து ராம்கி கேட்டான்.

"இல்ல. இடம் சரிதானா? டேப்ப இன்னொரு தடவ பிடி."

"மூணு தடவ பிடிச்சாச்சு தாயே. அந்தக் கரைப் பாறையில இருந்து இந்தக் கரைப் பாறை. நீயே பாத்த, நீயே வாசிச்ச. உனக்கு உன் பேர்லயே சந்தேகம் வந்தா நான் என்ன செய்ய?"

எலினா மறுபடி மணலைத் துழாவினாள். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஓர் இரும்புக்கடையில் பகலில் பில் போடுகிறாள்; அங்கேயும் ஒவ்வொரு பில்லையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துத்தான் கிழிப்பாள். மாலையில் சிவில் டிப்ளமோ வகுப்பு. ராம்கி அதே வகுப்பில் அவளுக்குப் பின் பெஞ்சு, பகலில் நூற்பாலை எலக்ட்ரீசியன். அவர்களுடைய ஆசிரியர் வைகுண்டராஜ் எடுத்துக்கொண்ட ஒரு வேலைக்காகத்தான் இரண்டு பேரும் விடுமுறை நாளில் ஓடைக்குள் நின்றார்கள். மழை வெள்ளத்தில் ஓடையின் மணல் எவ்வளவு ஆழம் வரை புரண்டு போகிறது என்று அளக்கும் வேலை அது.

செய்முறை எளிதுதான். ஓடை வற்றிக் கிடக்கும்போது ஓர் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் மணலுக்குள் அடித்து இறக்க வேண்டும். அதன் உள்ளே ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, குழாயை மட்டும் உருவிவிட வேண்டும். சங்கிலி மணலுக்குள் கம்பம் மாதிரி நிற்கும். வெள்ளம் வந்து மேல் மணலை வாரிக்கொண்டு போனால், எவ்வளவுக்குப் பிடிமானம் போனதோ அவ்வளவு சங்கிலி ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து படுத்துவிடும். வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வருகிற புது மணல் அதை மூடிவிடும். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஓடை பழையபடியே இருக்கும். தோண்டினால்தான், சங்கிலி மடங்கிய இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது, இப்போது கிடப்பது வேறு மணல் என்று தெரியும்.

புரட்டாசியில் அப்படி மூன்று சங்கிலி நட்டிருந்தார்கள். கடையில் எடை போட்டு வாங்கி, அடிக்கு ஒரு கண்ணியில் சிவப்புப் பெயிண்ட் அடித்தது எலினாதான். ஒவ்வொன்றும் ஐந்தடி. ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்து வடிந்ததும் இன்று தோண்டினார்கள். தென்கரையோரச் சங்கிலி ஒன்றரை அடியில் மடங்கியிருந்தது. வடகரையோரமும் ஏறக்குறைய அதே அளவுதான். நடுச் சங்கிலியைக் காணவே காணோம்.

"அடியோட போயிருச்சு," என்றான் ராம்கி. "நடுவுலதான இழுப்பு ஜாஸ்தி. அஞ்சடிச் சங்கிலியே போயிருச்சுன்னா மணல் அஞ்சடிக்கு மேல போயிருக்கு. அவ்வளவுதான் கணக்கு. வா, மினி பஸ்ஸ விட்டா நடந்துதான் போகணும்."

எலினா பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டச் சொன்னாள். அதிலும் இல்லை. இருட்டும் நேரமாகிவிட்டது.

அந்த எண் வெறும் எண்ணாக இருந்தால் பரவாயில்லை. மம்சாபுரத்துக்கு மேற்கே, ஓடையின் வளைவில் இருக்கும் நாவலூத்து என்ற சின்ன ஊரின் குடிதண்ணீர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே எங்கே போர் போட்டாலும் பாறை. பாறையைத் தாண்டி வந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரு தென்னந்தோப்புக்காரர் மோட்டார் போட்டால்தான் ஊரில் குடம் நிறையும். அந்த வளைவில் ஓடை மணலுக்குள், சிமெண்ட் உறைகளை அடுக்கி, ஓர் உறைகிணறு இறக்கித் தருவதாகத் திட்டம் வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பொறியாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வெள்ளத்தில் நாலடிக்கு மேல் மணல் புரளும் இடமென்றால் உறை நிற்காது, சாய்ந்துவிடும். அப்படியானால் கிணற்றைக் கீழே அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கிருந்து குழாயில் ஏறி நாவலூத்துக்குத் தண்ணீர் வரும் என்று யாரும் நம்பவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வைகுண்டராஜ் மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டார். "அப்ப நடுவுல அஞ்சடிக்கு மேலன்னு எழுதிறலாமா? வர்ற வாரம் புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டம். சந்தேகம் ஒண்ணும் இல்லையே எலினா?"

சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் வகுப்பே சிரித்தது. ராம்கி தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

எலினாவுக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டு கரையிலும் ஒன்றரை அடி, நடுவில் மட்டும் ஐந்தடிக்கு மேலா? ஓடை அங்கே அப்படியொன்றும் அகலமில்லையே? ஆனால் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, எல்லாரையும் போல உறுதியாகப் பேசிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல சார்," என்றாள்.

சொன்ன கணத்திலிருந்து அது நெஞ்சுக்குள் மீன்முள்ளாக நின்றது. கடையில் ஆணி எடை போடும்போது குத்தியது, சாப்பிடும்போது குத்தியது. சனிக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரியின் போன் வந்தபோது எடுக்கவே கை கூசியது. நாவலூத்தின் வார்டு மெம்பர் மாரீஸ்வரி. சங்கிலி நட்ட நாளில் இவர்களுக்குச் சோறு போட்டதும், சம்மட்டி அடிக்க ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

"ஏட்டி எலினா, ஒங்க சார்கிட்ட கேட்டேன். நடுவுல அஞ்சடிக்கு மேல போயிருக்காமே?"

"ஆமாக்கா."

"அப்ப கெணறு எங்களுக்கு இல்ல."

எலினா பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நீ அளந்ததுதானட்டி? ஆபீஸ்ல ஒக்காந்து எவனும் எழுதுனதில்லையே?"

"நான்தான்க்கா அளந்தேன்."

"அப்பச் சரி. நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை, ஓடைதான் வந்தது. ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் பைபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதே சேலையோடு எலினா மம்சாபுரம் பஸ் ஏறினாள்.

அவள் ஓடைக்குள் இறங்கித் தோண்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மாரீஸ்வரி தன் வீட்டு மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"என்னட்டி, பட்டுச்சேலையில மண் வெட்டுத? கல்யாணத்துக்கு வந்தவ வழி தவறி ஓடைக்குள்ள வந்துட்டியா?"

"இன்னொரு தடவ பாத்துருவோம்னு வந்தேன்க்கா. இந்தப் பக்கம் ரெண்டடி தள்ளி."

"ஒனக்குக் கிறுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே மாரீஸ்வரியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கரையில் கருத்தப்பாண்டி தன் எருமையை மேயவிட்டுக்கொண்டு நின்றார். மாரீஸ்வரியின் புருஷனுக்கு அவர் சித்தப்பா. இவளுக்கு மாமா முறை. ரொம்ப நேரமாக அவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறோம் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல இடையிடையே மலையைப் பார்த்தார். எருமை மெதுவாக நகர்ந்து மாரீஸ்வரியின் வேலியில் படர்ந்திருந்த பீர்க்கங்கொடியில் வாயை வைத்தது.

"மாமா! அந்தச் சனியனப் பிடிங்க! கொடியப் பூராம் மேஞ்சாச்சு. அது என்ன எருமையா, ஒங்க வீட்டு மருமகளா, கேள்வி முறையே கெடையாதா?"

"பிடிக்கேன், பிடிக்கேன். எதுக்கு இந்தக் கத்துக் கத்துத?"

"பொறவு கத்தாம? அன்னைக்கு ஓடை வந்த அன்னைக்கும் இதே கூத்துதான். சங்கிலிய இழுத்துக்கிட்டு கலகலன்னு தெருவுல ஓடி வருது. வாசல்ல இருந்த எங்க அத்த, முனிதான் வருதுன்னு தலையில துணியப் போட்டு மூடிக்கிட்டாக."

"சங்கிலி ஏது? கயிறு," என்றார் கருத்தப்பாண்டி. கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

"கயிறு கலகலன்னு சத்தம் போடுமாக்கும்?"

எலினா குழிக்குள் இருந்து நிமிர்ந்தாள். எருமையின் கழுத்தைப் பார்த்தாள். நைலான் கயிறு. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வழியில் இந்த ஊரில் அவள் பார்த்த ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் கயிறுதான்.

"அண்ணாச்சி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அந்தச் சங்கிலி இப்ப எங்க இருக்கு?"

"எந்தச் சங்கிலி?"

"சிவப்புப் பெயிண்ட் அடிச்சது."

கருத்தப்பாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் கழுத்தைத் துடைத்தார். துடைக்க வேறு இடம் இல்லாமல் போகவே, கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வைக்கோல் படப்புக்குள்ள இருக்கு," என்றார்.

மாரீஸ்வரி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"எருமையக் குளிப்பாட்ட எறக்குனேன் தாயி. நடு ஓடையில இம்புட்டுப் பெரிய வளையம் ஒண்ணு அம்சமா நிக்கி. இழுத்துப் பாத்தேன், அசையல. சரி, எவனோ புண்ணியவான் மாடு கட்டுறதுக்குன்னே அடிச்சு வச்சிருக்கான்னு அதுல கட்டிப்போட்டுட்டு அக்கரைக்குப் புல்லறுக்கப் போயிட்டேன். மேல மழை பேஞ்சிருக்கும்போல. திடுதிப்புன்னு ஓடை வந்துருச்சு. நான் அக்கரையில நின்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன். தண்ணி முழங்கால் அளவு வரவும் மணல் அப்பிடியே கொழகொழன்னு ஆயிருச்சு. எருமை தலைய ஒரு உலுப்பு உலுப்புச்சு பாரு, சங்கிலி வேரோட வந்துருச்சு. அதையும் இழுத்துக்கிட்டு வீட்டப் பாக்க ஓடிருச்சு."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன மாமா?" மாரீஸ்வரியின் குரல் உடைந்தது. "ஊருக்குக் கெணறு இல்லைன்னு ஆகப்போகுது, நீங்க படப்புக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்கீகளா?"

"சங்கிலிக்கும் கெணத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு எப்பிடித் தெரியும்? யார் சொன்னா?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "பேன்ட் போட்டு வந்து அளந்து நட்டாக. கவர்மெண்டு சாமான். எருமை பிடுங்கிருச்சுன்னு போய் நின்னா கேஸ் எம்மேலயா, எருமை மேலயா?"

எலினாவுக்கு அது சுருக்கென்று பட்டது. உண்மைதான். சம்மட்டி அடிக்க ஆள் கேட்டார்களே தவிர, எதற்காக அடிக்கிறோம் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைவிட, அந்த வளையம். மற்ற இரண்டு சங்கிலியையும் ராம்கி மணலோடு மணலாகப் புதைத்துவிட்டான். நடுச் சங்கிலிதான் முக்கியம், அது தொலைந்துவிடக் கூடாது என்று, கடையிலிருந்து ஒரு பெரிய வளையம் கொண்டுவந்து மாட்டி, மணலுக்கு மேலே தெரியும்படி விட்டது எலினா. கூடுதல் ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதையில்தான் எருமையைக் கட்டியிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு அடக்க முடியாமல் வாயாலும் வந்தது. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சங்கிலியைக் கொண்டுபோனது ஓடை இல்லை. அவள் டேப்பும் தப்பில்லை, இடமும் தப்பில்லை. சந்தேகம் தப்பே இல்லை.

"ஏட்டி, அப்ப அஞ்சடி இல்லல்லா?" மாரீஸ்வரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சிரிப்பு நின்றது. "அஞ்சடின்னு சொல்ல முடியாதுக்கா. இல்லன்னும் சொல்ல முடியாது. நடுவுல எவ்வளவு போச்சுன்னு தெரியாது. அவ்வளவுதான்."

"தெரியாதுங்கிறது நல்லதா, கெட்டதா?"

"நேத்து இருந்ததுக்கு நல்லது."

வைகுண்டராஜுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"எருமையா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நான் சந்தேகம் இல்லன்னு சொல்லிட்டேன். ஆனா இருந்துச்சு சார்."

"எனக்கும்தான் இருந்திருக்கணும். ரெண்டு ஓரமும் ஒண்ணரை, நடுவுல அஞ்சுன்னா ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா?" பிறகு அவரும் சிரித்துவிட்டார். "சரி, புதன்கிழமை நீயும் வா. எருமைக் கதைய என்னால சிரிக்காமச் சொல்ல முடியாது."

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு எலினா ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். பொறியாளர் ஒரு கண்ணைக் கைபேசியிலும் ஒரு கண்ணை இவர்கள் மீதும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எருமைன்னெல்லாம் ஃபைல்ல எழுத முடியாதும்மா. நடுவுல எவ்வளவு? அதச் சொல்லு."

"தெரியாது சார்."

தன் வாயால் இப்படி ஒரு பதிலை இவ்வளவு திடமாகச் சொல்ல முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

"தெரியாதுன்னு சொல்லவா ராஜபாளையத்துல இருந்து வந்தீங்க?"

"தப்பான எண் போயிறக் கூடாதுன்னு வந்தோம் சார். சங்கிலிய மறுபடி நடுறோம். இன்னொரு வெள்ளம் வந்தா சரியாச் சொல்லிருவோம்."

"வரலைன்னா?"

எலினா வைகுண்டராஜைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

பொறியாளர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "கார்த்திகை முடியிற வரைக்கும் வச்சிருக்கேன். பொறவு என்னால முடியாது. கீழ போயிருவேன்," என்றார்.

அந்த வாரமே மூன்று சங்கிலியையும் மறுபடி நட்டார்கள். இந்தத் தடவை வளையம் இல்லை. மேல் கண்ணியும் மணலுக்குள் போய்விட்டது. இந்தத் தடவை ஊரைக் கூட்டி வைத்து, குழாயை இறக்குவதற்கு முன்னால், சங்கிலி எதற்கு, மடங்கினால் என்ன அர்த்தம், கிணற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எலினா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு கிழவி குறுக்கே கேட்டாள், "அம்புட்டு மணலுமா ஒரே வெள்ளத்துல போயிட்டு வேற மணல் வந்து படுத்துக்கிடும்? நான் அறுவது வருசமா இதே ஓடையன்னு நெனச்சிட்டிருந்தேன்." எல்லாரும் சிரித்தார்கள். கருத்தப்பாண்டி கேட்டார், "அப்ப எருமையக் குளிப்பாட்டலாமா, கூடாதா?" "மேல கொண்டுபோய்க் குளிப்பாட்டுங்க மாமா, காலுக்குக் கீழ ஒரு கெணறு இருக்கு," என்றாள் மாரீஸ்வரி.

அதன்பிறகு மழை வரவில்லை.

ஐப்பசி முடிந்தது. கார்த்திகை பிறந்தது. காலையில் மலையுச்சியில் மேகம் உட்காரும். எலினா கடை வாசலில் நின்று பார்ப்பாள். பத்து மணிக்கெல்லாம் மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் அடிக்கும். சிமெண்ட் வாங்க வருகிறவர்கள், "நல்ல வேளை, மழை இல்ல, சென்ட்ரிங் வேலை ஓடுது," என்று சொல்லும்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது பாவமா என்று ஒரு நாள் யோசித்தாள். வந்தால்கூட, நடுவில் நிஜமாகவே ஐந்தடி போய்விட்டால்? அப்போது எருமை மேல் பழி போட முடியாது. வராவிட்டாலும் போச்சு, வந்தாலும் போகலாம். ராம்கியிடம் இதைச் சொன்னபோது அவன் வழக்கம்போல் கிண்டல் செய்யாமல், "எனக்கும் அதே பயம்தான் எலினா," என்றான்.

கார்த்திகையின் கடைசி வாரம் ஒரு காலை. கடையில் கூட்டம். ஒரு கொத்தனாருக்குக் கட்டுக்கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏட்டி எலினா! கேளு!" என்றாள் மாரீஸ்வரி. பிறகு அவள் பேசவில்லை. போனை ஓடைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள் போல. லாரிகள் வரிசையாகப் போகிற மாதிரி ஓர் இரைச்சல்.

"வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சாவா? பாறைக்கு மேல ரெண்டு முழம் போகுது. அன்னைக்கு வந்ததெல்லாம் இதுக்குக் குட்டி. முழு மரமே உருண்டு போகுது பாரு!"

எலினாவின் கையிலிருந்த கம்பிச் சுருள் தராசில் தொப்பென்று விழுந்தது. கொத்தனார், "என்னம்மா, வீட்ல எதுவும் விசேஷமா?" என்று கேட்டார். ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் அவள் தலையை ஆட்டினாள். இவ்வளவு பெரிய வெள்ளம். அவள் கேட்டதைவிடப் பெரிய வெள்ளம்.

தண்ணீர் கணுக்காலுக்கு வடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கையில் தோண்டப் போன அன்று வைகுண்டராஜும் வந்தார், பேன்டை முட்டி வரை மடித்துவிட்டுக்கொண்டு. கரை நிறைய ஆட்கள். ஓடை நல்ல பிள்ளை மாதிரி, ஒன்றுமே நடக்காதது மாதிரி, அதே வெள்ளை மணலை விரித்துக்கொண்டு கிடந்தது.

பாறைக்குப் பாறை டேப் பிடித்து இடம் குறித்தார்கள். டிரம்மை நிறுத்தி, உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள அது இறங்கியது. ராம்கியும் கருத்தப்பாண்டியும் மாற்றி மாற்றி அள்ளினார்கள். அரையடி. ஓர் அடி. மணல் தளதளவென்று இருந்தது; முழுக்கப் புது மணல் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒன்றரை அடி. இரண்டடி. இன்னும் சங்கிலி இல்லை.

"எங்க அத்த சாமிக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்காக," என்று மாரீஸ்வரி எலினாவின் காதருகே சொன்னாள். "நான் ஒண்ணும் வேண்டல. பயமா இருந்துச்சு."

"நான் இறங்குறேன்," என்றாள் எலினா.

மண்வெட்டி பட்டால் சங்கிலி அசைந்துவிடும். அவள் டிரம்முக்குள் குனிந்து விரலாலேயே மணலை வாரினாள். தண்ணீர் ஊறி வந்து குழியை மூடியது. கண்ணால் ஒன்றும் தெரியவில்லை. விரல்தான் பார்க்க வேண்டும். கூழாங்கல். வேர். மறுபடி கூழாங்கல்.

இரும்பு.

ஒரு கண்ணி, அதன் பக்கத்தில் இன்னொன்று, படுக்கைவாட்டில். ஓட்டத்தின் பக்கம் நீண்டு கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே விரலை மேற்கே நகர்த்தினாள். கண்ணி கண்ணியாகப் போய், ஓர் இடத்தில் சங்கிலி திரும்பிக் கீழே இறங்கியது. இழுத்துப் பார்க்கவில்லை, லேசாக அழுத்திப் பார்த்தாள். கம்பம் மாதிரி அசையாமல் நின்றது.

"மடங்கியிருக்கு," என்றாள். "டேப்."

மேலே குறுக்காகப் பிடித்த மட்டக்கோலிலிருந்து டேப்பை இறக்கினார்கள். நுனியை மடக்கின் மீது வைத்து அவள் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டாள்.

"வாசி ராம்கி."

"ரெண்டரை."

"சரியா வாசி."

"ரெண்டரை எலினா. சார், நீங்க வாசிங்க."

வைகுண்டராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "ரெண்டரைக்கு ஒரு நூல் கம்மி," என்றார்.

எலினா கையை எடுத்து, உதறி, மறுபடி மடக்கைத் தேடிப் பிடித்து, மறுபடி வாசிக்கச் சொன்னாள். அதே எண். சங்கிலியைத் தடவி இறங்கி, தோளெல்லாம் தண்ணீரில் நனைய, அடுத்த சிவப்புக் கண்ணியைத் தேடி அதைக் கொண்டும் கணக்குப் பார்த்தாள். அப்படிப் பார்த்தாலும் அதேதான். இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கும் நடுவில் இரண்டரை அடி. அதற்குக் கீழே மணல் அசையவே இல்லை.

அவள் நிமிர்ந்தபோது எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரலையும் ஓர் அரை விரலையும் காட்டினாள்.

"நாலுக்கு உள்ளதான?" என்றாள் மாரீஸ்வரி.

"உள்ளதான்க்கா. நல்லா உள்ள."

வைகுண்டராஜ் பொறியாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் யாரிடமோ வேறு எதையோ பேசி முடித்துவிட்டு, "ரெண்டரையா? அப்ப அங்கயே போட்டுறலாம்," என்றார் பொறியாளர்.

மாரீஸ்வரி வைகுண்டராஜின் கையைப் பிடித்துவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க சார்."

"என்னது?"

"அவியளத்தான். இன்னொரு தடவ."

"சார், கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க. இங்க ஊர்க்காரங்க நிக்கிறாங்க."

"நாவலூத்துலயே போட்டுறலாம்னேன். தை மாசம் ஓடை வத்தவும் உறை இறக்குவோம். போதுமா?" என்றது போன், கொஞ்சம் எரிச்சலோடு.

போதும். மாரீஸ்வரி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கரையிலிருந்த பெண்கள் இறங்கி வந்தார்கள். படி எந்தப் பக்கம் வைப்பது, துவைக்கக் கல் போடலாமா கூடாதா, தெற்குத் தெருவுக்கு எத்தனை குழாய் என்று கிணறு வருவதற்கு முன்னாலேயே சண்டை தொடங்கிவிட்டது. கருத்தப்பாண்டி நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணப் பார்த்து, எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எலினாவின் உடம்பு முழுக்க இளகிப்போய்விட்டது. இத்தனை நாளும் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம் என்பது அது இறங்கியபோதுதான் தெரிந்தது. டிரம்மின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, மலை மேல் மறுபடி கூடிக்கொண்டிருந்த மேகத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். இனி அது பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம்.

இரண்டு பெண்கள் குழியை மூட மண்வெட்டியை எடுத்தார்கள்.

"இருங்க, இருங்க," என்று எழுந்தாள். "இன்னும் ரெண்டு ஓரமும் தோண்டணும்."

"கெணறுதான் கெடச்சிருச்சே, பொறவு எதுக்குட்டி?" என்று மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நடுவுல மட்டும் அளந்தா எப்பிடிக்கா?" என்றாள் எலினா. ராம்கி டிரம்மைக் கிளப்பித் தென்கரைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.

மாரீஸ்வரி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு பாறையைப் பார்க்க நடந்தாள்.